ஓஐடியைத் தேட எந்த வழி, பகிர எந்த வடிவம்?

நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யும் மென்பொருள் ஓடி முடித்து ஒரு பட்டியலைக் கொடுக்கிறது. ஐபி முகவரி இருக்கிறது, மேக் முகவரி இருக்கிறது, தயாரிப்பாளர் பெயர்கூட வந்துவிட்டது. ஆனால் மாடல், சீரியல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு ஆகிய கட்டங்கள் பல சாதனங்களுக்குக் காலியாகவே கிடக்கின்றன. பெரும்பாலும் சாதனம் பதில் சொல்ல மறுத்திருக்காது. பதில் இருக்கும் இடத்தில் மென்பொருள் கேட்டிருக்காது. நெட்வொர்க் சாதனங்களிடம் தகவல் கேட்டுப் பெறும் நெறிமுறையான எஸ்என்எம்பியில் (SNMP) அந்த இடத்துக்கான முகவரிதான் ஓஐடி (OID), புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஓர் எண்வரிசை. மென்பொருளுக்குத் தெரியாத ஓஐடியை நாமே கண்டுபிடித்துக் கொடுத்தால் கட்டம் நிரம்பிவிடும்.

கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. எந்த ஓஐடியில் என்ன இருக்கும் என்று விளக்கி, தயாரிப்பாளர் தரும் மிப் (MIB) கோப்பைப் படிக்கலாம். சாதனத்தில் உள்ள ஓஐடிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, அதன் கிளைகளை முழுவதுமாக நடந்து பார்க்கும் வாக் (walk) ஒன்றை ஓட்டலாம். யாரோ ஏற்கெனவே தொகுத்து வைத்த பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. தேடுவது சாதனத்தின் அடையாளமா, அளவீடா என்பதைப் பொறுத்தே பதில் மாறும். சீரியல் எண், மாடல் போன்ற அடையாளங்களுக்கு வாக்தான் வேகமான வழி. வெப்பநிலை, பேட்டரி நேரம், நிலைக்குறி போன்றவற்றுக்கு மிப் கோப்பு இல்லாமல் இறங்குவது ஆபத்து. ஆயத்தப் பட்டியலை இரண்டுக்குமே துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். இது என் முடிவு. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் பொதுக் கிளை

ஓஐடிகள் ஒரு மரம்போலக் கிளைகிளையாக அடுக்கப்பட்டிருக்கும். அந்த எஸ்என்எம்பி மரத்தில் நமக்கு வேண்டிய பெரிய கிளைகள் இரண்டு. 1.3.6.1.2.1 என்பது எல்லோருக்கும் பொதுவானது. அதில் என்ன எங்கே இருக்கும் என்பதை, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் ஆவணங்கள் வரையறுத்திருக்கின்றன. 1.3.6.1.4.1 என்பது நிறுவனங்களுக்கானது. இணைய எண்களை ஒதுக்கும் ஐயானா அமைப்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எண் தருகிறது: சிஸ்கோவுக்கு 9, ஏபிசிக்கு 318, சினாலஜிக்கு 6574, ஃபோர்ட்டிநெட்டுக்கு 12356, மைக்ரோடிக்குக்கு 14988. அந்த எண்ணுக்குக் கீழே எதை எப்படி அடுக்குவது என்பது முழுக்க அந்த நிறுவனத்தின் விருப்பம். பழைய மாடலுக்கு ஓரிடம், புதிய மாடலுக்கு வேறிடம் என்று வைத்தாலும் கேட்பாரில்லை.

ஆகவே நிறுவனக் கிளைக்குள் போவதற்கு முன் பொதுக் கிளையில் ஒருமுறை தேடிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். பிரிண்டரின் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் கிளையில் தேடி அலைபவர்கள் நிறையப் பேர். பிரிண்டருக்கான பொது மிப்பில் 1.3.6.1.2.1.43.5.1.1.17.1 என்ற இடத்தில் அது பெரும்பாலும் கிடைத்துவிடும். எந்த நிறுவனத்தின் பிரிண்டர் என்ற பேதமில்லை. ஸ்விட்ச், ரவுட்டர் வகைகளுக்கு 1.3.6.1.2.1.47 கிளையில் உள்ள, சாதனத்தின் பாகங்களைப் பட்டியலிடும் என்டிட்டி மிப் உதவும்.

பொதுக் கிளை கைவிடும் இடங்களும் உண்டு. யுபிஎஸ்களுக்கென்று 1994-இல் ஐஇடிஎஃப்பின் ஆர்எஃப்சி 1628 ஆவணம் ஒரு பொது மிப்பை வரையறுத்தது. அதன் அடையாளப் பகுதியில் தயாரிப்பாளர், மாடல், மென்பொருள் பதிப்பு, பெயர் எல்லாம் இருக்கின்றன. சீரியல் எண் மட்டும் இல்லை. சொத்துக் கணக்கு எடுப்பவருக்கு முதலில் வேண்டியதே அதுதான். அதனால் ஏபிசி யுபிஎஸ்ஸுக்கு 1.3.6.1.4.1.318.1.1.1.1.2.3.0 என்ற நிறுவனக் கிளை ஓஐடியைத் தனியாகச் சேர்த்தே ஆக வேண்டும். தனிப்பயன் ஓஐடிக்கான தேவை பெரும்பாலும் இப்படி ஏதாவதோர் இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது.

வாக்: விடை தெரிந்த கேள்வி

அடையாளத் தகவலுக்கு வாக்கை நான் முன்னே வைப்பதற்குக் காரணம் எளிது. விடை ஏற்கெனவே சாதனத்தின் முதுகில் ஒட்டியிருக்கிறது. லேபிளில் உள்ள சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுவனக் கிளை முழுவதையும் வாக் செய்து ஒரு கோப்பில் சேமித்து, அதில் அந்த எண்ணைத் தேடினால் போதும். மிப் கோப்பு தேவையில்லை, விளக்கமும் தேவையில்லை. எண் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியின் தொடக்கம்தான் ஓஐடி.

ஆனால் வாக்கில் சறுக்கும் இடங்கள் சில உண்டு. நெட்-எஸ்என்எம்பி என்ற கட்டற்ற கருவித் தொகுப்பின் எஸ்என்எம்பிவாக் கட்டளைக்குத் தொடக்க ஓஐடி எதுவும் தராவிட்டால் 1.3.6.1.2.1 கிளையோடு நின்றுவிடும். ஆயிரக்கணக்கான வரிகள் வந்து குவிவதால் எல்லாம் வந்துவிட்டது என்றே தோன்றும். நிறுவனக் கிளையிலிருந்து ஒரு வரிகூட வந்திருக்காது. 1.3.6.1.4.1 என்று வெளிப்படையாகக் கொடுத்தால்தான் அந்தப் பக்கம் போகும். ஓஐடியைப் பெயராக்காமல் எண்ணாகவே காட்டும் விருப்பத்தையும் சேர்த்துவிடுவது நல்லது. பிறகு ஒப்பிடுவது எளிதாகும்.

அடுத்தது, தேடல் வெறுங்கையோடு திரும்புவது. சீரியல் எண் கோப்பில் இருந்தும் எழுத்துத் தேடலில் சிக்காமல் போகலாம். மதிப்பின் முடிவில் அச்சிட முடியாத ஒரு பைட் ஒட்டியிருந்தால்கூடக் கருவி அதைப் பதினாறடிமான (hex) எண்களாகக் காட்டிவிடும். லேபிளில் உள்ள முதல் நான்கைந்து எழுத்துகளைப் பதினாறடிமானமாக மாற்றி மீண்டும் தேடிப் பார்த்துவிட்டே இல்லை என்று முடிவு கட்ட வேண்டும்.

இன்னொன்று, ஒரே எண் மூன்று இடங்களில் கிடைப்பது. அப்போது சுழியத்தில் முடியும் ஓஐடியை எடுங்கள். அது தனி மதிப்பு, இடம் பெயராது. அட்டவணைக்குள் இருக்கும் மதிப்பின் கடைசி எண் வரிசை எண்ணாக இருக்கும். அடுக்கப்பட்ட ஸ்விட்ச்களில் ஒரே முகவரிக்குப் பின்னால் பல பெட்டிகள் இருப்பதால், அட்டவணையின் ஒரு வரியை மட்டும் ஸ்கேனருக்குக் கொடுத்தால் மற்ற பெட்டிகள் சொத்துக் கணக்கிலிருந்தே விடுபட்டுப்போகும்.

வாக்குக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் உண்டு. சாதனத்தின் நிர்வாகி சில கிளைகளை மறைத்து வைத்திருந்தால், மறைத்திருக்கிறது என்று சாதனம் சொல்லாது. அந்தக் கிளையே இல்லாதது போலத் தாண்டிப்போய்விடும். வேறு அனுமதியோடு ஓட்டிப் பார்க்காமல் இந்தச் சாதனத்தில் அந்தத் தகவல் கிடையாது என்று எழுதி வைக்கக் கூடாது. அதேபோல் பெரிய ரவுட்டிங் அட்டவணை சுமக்கும் ரவுட்டரில், வேலை நேரத்தில் முழு மரத்தையும் வாக் செய்வதும் வேண்டாத வேலை. நிறுவனக் கிளையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மிப் கோப்பு: எண்ணுக்குப் பொருள் வேண்டும்போது

அளவீட்டுக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிறது. லேபிளில் ஒப்பிட எதுவும் இல்லை. வாக்கில் 216000 என்று ஒரு மதிப்பு தெரிகிறது. அது என்ன? ஏபிசி யுபிஎஸ்ஸில் 1.3.6.1.4.1.318.1.1.1.2.2.3.0 என்ற ஓஐடி, மின்சாரம் போனால் பேட்டரி இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்கிறது. அலகு நொடியின் நூறில் ஒரு பங்கு. 216000 என்றால் 2160 நொடி, அதாவது 36 நிமிடம். இதை நொடி என்று நினைத்துப் பதிவு செய்தால் இரண்டரை நாள் தாங்கும் பேட்டரி என்று அறிக்கை சொல்லும். அலகை மிப் கோப்பு சொல்கிறது. வெறும் எண்ணைப் பார்த்து நாம்தான் ஊகிக்க வேண்டியிருக்கும்.

நிலைக்குறிகள் இன்னும் மோசம். வாக்கில் 2 என்று வருகிறது. ஏபிசியின் பேட்டரி நிலையில் 2 என்றால் எல்லாம் சரி. சினாலஜியின் சிஸ்டம் நிலையில் 2 என்றால் கோளாறு. நெட்வொர்க் இணைப்பின் இயங்கு நிலையில் 2 என்றால் இணைப்பு விழுந்துவிட்டது. மூன்றுமே ஒரே 2. பிரிண்டரின் டோனர் அளவில் -3 என்று வந்தால் அது பிழையல்ல. இன்னும் கொஞ்சம் இருக்கிறது, எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல முடியாது என்பது பொருள். -2 என்றால் தெரியாது. இவற்றை மிப்பைப் பார்க்காமல் வரைபடத்தில் போட்டால் டோனர் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் மிப்பையே நம்பலாமே என்று தோன்றலாம். நடைமுறையில் மூன்று தொல்லைகள் உண்டு. சில நிறுவனங்கள் மிப் கோப்புகளை ஆதரவு ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு மட்டுமே தருகின்றன. கிடைத்தாலும் ஒரு கோப்பு வேறு நான்கு கோப்புகளை இறக்குமதி செய்யும். அதில் ஒன்று இல்லையென்றால் எதுவும் திறக்காது. மூன்றாவது தொல்லைதான் அதிக நேரத்தைத் தின்னும்: மிப்பில் எழுதப்பட்டிருப்பதெல்லாம் உங்கள் மாடலில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நிறுவனம் தன் எல்லா மாடல்களுக்கும் சேர்த்து ஒரே கோப்பை எழுதியிருக்கும். உங்களிடம் உள்ள மலிவான மாடல் அதில் கால்வாசிக்கு மட்டுமே பதில் சொல்லும்.

இங்கே சாதனம் தரும் பிழைச் செய்தியைக் கவனித்துப் படித்தால் அலைச்சல் குறையும். இரண்டாம், மூன்றாம் பதிப்பு எஸ்என்எம்பியில் அப்படியொரு பொருளே இல்லை என்பதும், பொருள் உண்டு ஆனால் அந்த நேர்வு (instance) இல்லை என்பதும் வெவ்வேறு பதில்கள். முதலாவது வந்தால் மாடல் அதை ஆதரிக்கவில்லை என்று கொள்ளலாம். இரண்டாவது வந்தால் பெரும்பாலும் கடைசியில் சுழியத்தைச் சேர்க்க மறந்திருப்பீர்கள். மிப்பிலிருந்து ஓஐடியை அப்படியே நகலெடுப்பவர்களுக்கு இது வாடிக்கை. முதல் பதிப்பில் இரண்டுக்கும் ஒரே பிழைதான் வரும், அதனால் சோதனைக்கு அதைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

ஆயத்தப் பட்டியல்கள்

இணையத்தில் ஓஐடிப் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மாடலும் ஃபர்ம்வேரும் குறிப்பிடாத வெற்றுப் பட்டியலுக்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை. கண்காணிப்பு மென்பொருள்களுக்காக எழுதப்பட்ட வார்ப்புருக்கள் ஒரு படி மேல். யாரோ ஒருவர் அதை உண்மையான சாதனத்தில் ஓட்டியிருக்கிறார் என்ற உறுதியாவது இருக்கிறது. அதற்கும் மேலே லிப்ரெஎன்எம்எஸ் என்ற கட்டற்ற கண்காணிப்பு மென்பொருள் திட்டத்தின் வரையறைகளை வைப்பேன். அங்கே புதிய சாதனத்துக்கான வரையறையோடு, அந்தச் சாதனம் தந்த பதில்களின் பதிவும் சோதனைத் தரவாகச் சேர்க்கப்படுகிறது. நீங்கள் அந்த மென்பொருளைப் பயன்படுத்தாவிட்டாலும் பரவாயில்லை. சீரியல் எண், பதிப்பு, வன்பொருள் ஆகியவற்றுக்கு எந்த ஓஐடி என்பது அதன் யாமல் (YAML) உரைக் கோப்புகளில் படிக்கும்படியாக எழுதப்பட்டிருக்கிறது.

எங்கிருந்து எடுத்தாலும் உங்கள் சாதனத்தில் ஒருமுறை கேட்டுப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் ஓஐடி கேட்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். நிறுவன எண் சரியாக இருக்கும், வால் பகுதி கற்பனையாக இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

லினக்ஸ் சர்வர்களுக்கு மட்டும் நான்காவதாக ஒரு வழி இருக்கிறது: ஓஐடியைத் தேடாமல் நாமே உருவாக்குவது. நெட்-எஸ்என்எம்பியின் எக்ஸ்டெண்ட் வசதியில் ஒரு ஸ்கிரிப்டுக்குப் பெயர் கொடுத்தால், அதன் வெளியீடு 1.3.6.1.4.1.8072.1.3.2 கிளைக்குக் கீழே வந்து அமர்ந்துகொள்ளும். பெயரின் நீளமும் எழுத்துகளின் ஆஸ்கி எண்களும் ஓஐடியின் வாலாகச் சேரும். டிஸ்க் (disk) என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்தால் வால் 4.100.105.115.107 என்று வரும். எல்லா சர்வர்களிலும் ஒரே பெயரை வைத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே ஓஐடி. தேடும் வேலையே இல்லை.

எந்தச் சாதனத்துக்கு எந்த ஓஐடி

கண்டுபிடித்த ஓஐடியை எந்தச் சாதனங்களிடம் கேட்க வேண்டும் என்று ஸ்கேனருக்குச் சொல்ல வேண்டும். வழக்கமாக 1.3.6.1.2.1.1.2.0 தரும் சாதன வகை அடையாளத்தை வைத்து விதி எழுதுவார்கள். விதி அகலமாக இருந்தால் சம்பந்தமில்லாத மாடல்களிடமும் கேட்டு நேரம் வீணாகும். குறுகலாக இருந்தால் ஒவ்வொரு புதிய மாடலுக்கும் ஒரு விதி எழுத வேண்டிவரும்.

நிறுவனப் பெயரை வைத்து விதி எழுதுவது இன்னும் வழுக்கலான இடம். எச்பியின் ஸ்விட்ச் வரிசைகளைப் பாருங்கள். புரோகர்வ் வழிவந்தவை நிறுவன எண் 11-இன் கீழ், காம்வேர் வழிவந்தவை 25506-இன் கீழ், அரூபா சிஎக்ஸ் 47196-இன் கீழ் வருகின்றன. நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கும்போது எண்கள் இணைவதில்லை. மறுபக்கம், ஒரே அடையாளத்தைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. 1.3.6.1.4.1.8072.3.2.10 என்று பதில் வந்தால் உள்ளே லினக்ஸும் நெட்-எஸ்என்எம்பியும் ஓடுகின்றன என்பது மட்டுமே பொருள். சினாலஜியின் நாஸ் (நெட்வொர்க் சேமிப்பகம்) கூட இப்படித்தான் பதில் சொல்கிறது. அந்த நாஸைச் சாதாரண லினக்ஸ் சர்வரிலிருந்து பிரித்தறிய 1.3.6.1.4.1.6574.1.5.1.0 என்ற மாடல் பெயர் ஓஐடியைக் கூடுதலாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் வந்தால் நாஸ். ஆகவே விதியில் வகை அடையாளத்தோடு, உறுதிசெய்யும் ஓஐடி ஒன்றையும் சேர்த்து எழுதுவதே பாதுகாப்பு.

பகிர்வதில் எந்த வடிவம்

பகிரும் வடிவங்களை ஒப்பிடும்போது, பெறுபவர் எதைச் சரிபார்க்க முடியும் என்பதைத்தான் நான் அளவுகோலாக வைக்கிறேன். ஒரு வரியில் ஓஐடியும் அதன் பக்கத்தில் சீரியல் எண் என்ற குறிப்பும் மட்டும் இருந்தால், பெறுபவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மென்பொருளின் வார்ப்புரு ஏற்றுமதி, அதே மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கு மிகவும் வசதி; வேறொன்றைப் பயன்படுத்துபவர் அதைப் பிரித்துப் படிக்க வேண்டும். பதிவுசெய்த வாக்கோடு சேர்ந்த வரையறை மிக உறுதியானது, ஆனால் அதைத் தயாரிப்பதும் கசிவு இல்லாமல் சுத்தம் செய்வதும் உழைப்பு.

ஒரே குழுவுக்குள் பகிர்வதென்றால் வார்ப்புரு ஏற்றுமதியே போதும். பொதுவெளியில் பகிர்வதென்றால் எளிய அட்டவணையைத் தேர்ந்தெடுப்பேன், ஆனால் கட்டங்களில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, வகை அடையாளம், கடைசி எண் வரையிலான முழு ஓஐடி, தரவு வகை, அலகு, ஒரு மாதிரி மதிப்பு, அந்த மதிப்பை எதனுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தோம் என்ற குறிப்பு. மேலே சொன்ன யுபிஎஸ் ஓஐடிக்கு மாதிரி மதிப்பு 216000, அலகு நொடியில் நூறில் ஒரு பங்கு, யுபிஎஸ்ஸின் திரையில் தெரிந்த 36 நிமிடத்துடன் ஒப்பிடப்பட்டது என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரியை யாரும் தவறாகப் பயன்படுத்த முடியாது. கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள்; எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட வேண்டியது.

மிப் கோப்பையே இணைத்து அனுப்பலாமா? யோசித்துச் செய்ய வேண்டும். அந்தக் கோப்புகளுக்கு உரிமை நிபந்தனைகள் உண்டு. டெபியன் லினக்ஸில் மிப் கோப்புகளை இறக்கித் தரும் தொகுப்பு, கட்டற்ற மென்பொருள் பகுதிக்கு வெளியே வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணமே இதுதான். எண்களையும் உங்கள் சொற்களில் விளக்கத்தையும் தந்துவிட்டு, கோப்பை எங்கே பெறலாம் என்று குறிப்பிட்டால் போதும்.

வாக் பதிவைப் பகிர்வதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பொறுப்பாளரின் மின்னஞ்சல், அறை இருப்பிடம், விலான் பெயர்கள், சீரியல் எண்கள் எல்லாம் அதில் இருக்கும். பழைய விண்டோஸ் சர்வரின் வாக்கில் 1.3.6.1.4.1.77.1.2.25 கிளை பயனர் கணக்குகளின் பெயர்களையே வரிசையாகக் காட்டும். இவற்றையெல்லாம் மாற்றிவிட்டேன் என்று பலர் நிம்மதியடைகிறார்கள். மாற்றியது மதிப்புகளை மட்டும். ஐபி முகவரி அட்டவணையில் ஐபி முகவரி ஓஐடியின் வாலாகவே வருகிறது: 1.3.6.1.2.1.4.20.1.1 என்பதற்குப் பின்னால் முகவரியின் நான்கு எண்களும் அப்படியே ஒட்டியிருக்கும். ஸ்விட்சின் முகவரி அட்டவணையில் மேக் முகவரி ஆறு பதின்ம எண்களாக வாலில் ஒளிந்திருக்கும், பதினாறடிமானத்தில் தேடுபவர் கண்ணில் படாது. வாக் வரியில் சமன்குறிக்கு வலப்பக்கத்தில் உள்ள மதிப்பை மட்டும் சுத்தம் செய்வது பாதி வேலை.

அதனால் முழு வாக்கைப் பகிராமல், தேவையான நிறுவனக் கிளையை மட்டும் வெட்டியெடுத்துப் பகிர்வதையே பரிந்துரைப்பேன். மாற்று மதிப்பு போட வேண்டிய இடங்களுக்கு ஆயத்த எண்கள் உண்டு: ஐபிக்கு ஆவணப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட 192.0.2.0 தொகுதி, கற்பனை நிறுவனம் தேவைப்பட்டால் ஆர்எஃப்சி 5612 ஒதுக்கிய 32473. சீரியல் எண்ணை மாற்றும்போது நீளத்தையும், எழுத்தும் எண்ணும் வரும் அமைப்பையும் காப்பாற்றுங்கள். சில கருவிகள் அந்த அமைப்பை வைத்துத்தான் மாடலைப் பிரிக்கின்றன.

ஃபர்ம்வேர் புதுப்பித்த பிறகு பகிர்ந்த ஓஐடி பதில் சொல்லாமல் போவது சகஜம். அப்போது பழைய வரியை அழித்துவிடாமல், எந்தப் பதிப்பு வரை வேலை செய்தது என்று எழுதி, புதிய வரியைக் கீழே சேருங்கள். பழைய ஃபர்ம்வேரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் சாதனங்களுக்கு இன்னும் அந்தப் பழைய வரிதான் வேண்டும்.